உருவலாமா, கூடாதா?

சிம்மக்கல் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. தங்கச்சி வளைகாப்புப் பத்திரிகையில் தேதியைத் திருத்தி, பென்டிரைவிலேயே சேவ் பண்ணின கையோடு கடைத் தம்பி அதை வெடுக்கென்று உருவிக் கொடுத்தான்.

"ஸேஃப்லி ரிமூவ் குடுக்கலையா தம்பி?"

"அட போங்கண்ணே, குடுத்தா 'யூஸ்ல இருக்கு'ங்கும். எது யூஸ் பண்ணுதுன்னு மட்டும் சொல்லாது."

நியாயம்தான். விண்டோஸில் வரும் இந்த 'பாதுகாப்பாக அகற்று' என்றால் யாருக்குப் பாதுகாப்பு? தொட்டால் கரண்டு அடிக்குமா என்று எங்க அப்பா கேட்கிறார். மேக் கம்ப்யூட்டரில் 'எஜெக்ட்'. ஃபிளாப்பியையும் சிடியையும் துப்பிய காலத்துச் சொல் அது. பென்டிரைவ் எங்கே துப்புகிறது, நாமதானே பிடுங்க வேண்டியிருக்கு! லினக்ஸில் 'அன்மவுன்ட்'. அழகரா குதிரையை விட்டு இறங்குகிறார்?

சங்கதி இவ்வளவுதான். காப்பி முடிந்ததாகத் திரை காட்டினாலும், கொஞ்சம் டேட்டா கம்ப்யூட்டர் மெமரியில் வரிசையில் நிற்கலாம். அது போய்ச் சேரும் முன் உருவினால் ஃபைல் பாழ். (2018-ல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு, அப்படித் தேக்கி வைக்காத முறையையே இயல்பாக்கியது. ஆனாலும் எழுதிக்கொண்டிருக்கும்போதே உருவினால் அதுவும் கைகொடுக்காது.)

'எழுதி முடிச்சாச்சு, கழற்றிக்கலாம்' என்று போட்டால் என்ன குறைந்துவிடும்? முடியலையா, 'இன்ன ஃபைல் திறந்திருக்கு, மூடுங்க' என்று சொல்லட்டும். தமிழில் மாற்றுகிறேன் என்று சிலர் 'வெளித்தள்ளு' என்கிறார்கள். வாடிவாசல் காளையா அது?

வீட்டுக்கு வந்து செருகினேன். 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கிறது. இது மட்டும் தெளிவாகக் கேட்கத் தெரிகிறது.