பிலடெல்பியாவிலிருந்து பிட்ஸ்பர்க்: 13 மணி நேரம், பதில் சொல்ல ஒரு ஆள் இல்லை

இரண்டு நாளாகிவிட்டது, இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. யாரிடமாவது கொட்டித் தீர்த்தால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

ஆபீஸ் வேலையாக ஆறு வாரம் பிலடெல்பியா வந்திருக்கிறேன். காலேஜில் நான்கு வருஷம் என்னோடு ஒரே அறையில் இருந்த சிநேகிதி பிட்ஸ்பர்கில் பிஎச்டி படிக்கிறாள். பார்த்து ஐந்து வருஷம் ஆகிறது. லேபில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு சனிக்கிழமை மட்டும் முழு விடுப்பு வாங்கியிருந்தாள். மத்தியானம் அவள் கையால் வத்தக்குழம்பு, சாயங்காலம் பென் ஹில்ஸில் 1976-இலிருந்து இருக்கிற வேங்கடாசலபதி கோயில், ராத்திரி முழுக்கப் பேச்சு. இதுதான் திட்டம். இரண்டு ஊரும் ஒரே மாநிலம்தான், நடுவில் ஏறத்தாழ 490 கிலோமீட்டர்.

அமெரிக்காவில் கார் இல்லாமல் 490 கிலோமீட்டர் போக என்ன வழி இருக்கிறது என்று தேடிப் பாருங்கள், அப்போது தெரியும். இந்த வழியில் ரயில் ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று, பென்சில்வேனியன் என்று பெயர், அதுவும் மத்தியானம் ஏறினால் ராத்திரிதான் கொண்டுபோய் இறக்கும். விமானத்துக்குக் கொடுக்க என்னிடம் காசு இல்லை. கார் ஓட்ட இங்கே எனக்கு லைசென்ஸ் இல்லை. மிச்சம் பஸ். காலை 7:15-க்கு ஏறினால் மத்தியானம் 1:45-க்கு இறங்கலாம் என்று போட்டிருந்தது. டிக்கெட் 34 டாலர். பணம் கட்டும் பக்கம் வந்ததும் சேவைக் கட்டணம் என்று ஒன்று, ஜன்னல் ஓரம் கேட்டதற்கு ஒன்று, கடைசியில் 43 டாலர். நம்ம ஊர்க் காசில் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல். சரி, பரவாயில்லை என்று கட்டினேன்.

6:40-க்கே போய் நின்றேன். நிலையம் என்று நினைத்துப் போன எனக்கு அங்கே ஒரு நடைபாதைதான் கிடைத்தது. ஸ்பிரிங் கார்டன் தெரு, டெலவேர் ஆற்றுக்குப் பக்கத்தில், ஐ-95 நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அருகில். பெஞ்சு கிடையாது, சுவர் கிடையாது, கழிப்பறை கிடையாது, டிக்கெட் கவுன்ட்டர் கிடையாது, கம்பெனி சட்டை போட்ட ஒரு மனுஷன் கிடையாது. இது பிப்ரவரி மாதம், பூஜ்ஜியத்துக்குக் கீழே நான்கு டிகிரி, ஆற்றுக் காற்று காதை அறுக்கிறது. முப்பது நாற்பது பேர் பெட்டியும் பையுமாக நிற்கிறோம், எந்த பஸ் எந்த இடத்தில் நிற்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு பஸ் வரும்போதும் எல்லோரும் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுவது, "இது வேற ஊருக்கு" என்று ஓட்டுநர் சொன்னதும் திரும்ப வருவது. கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் நான்கு முறை ஓடினார்.

ஆப்பில் 7:15 வரைக்கும் "சரியான நேரத்தில் வருகிறது" என்றே இருந்தது. 7:30-க்கும் அதே. 7:40-க்கு "35 நிமிடம் தாமதம்" ஆனது, அப்புறம் 80 நிமிடம், அப்புறம் எண்ணையே எடுத்துவிட்டார்கள். வரைபடத்தில் பஸ்ஸைக் காட்டும் புள்ளி நியூ ஜெர்சியில் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் கிடந்தது. கஸ்டமர் கேருக்கு போன் போட்டால் பதிவு செய்த குரல், திரும்பத் திரும்ப அதே வாக்கியம். பஸ் வருமா வராதா, இந்த ஒன்றைத்தான் கேட்டேன். வராது என்று சொல்லியிருந்தால் மத்தியான ரயிலுக்காவது டிக்கெட் பார்த்திருப்பேன். அதைச் சொல்லக்கூட இவ்வளவு பெரிய கம்பெனியில் ஒரு வாய் இல்லை.

என் பக்கத்தில் ஒரு பாட்டி நின்றார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கையில் ஊன்றுகோல், ஒரு பழைய நீலப் பெட்டி. எட்டரை மணிக்கு என் கையைத் தொட்டு, "பெட்டியைப் பார்த்துக்கொள்வாயா, அவசரமாகப் போகணும்" என்றார். எங்கே போவது? இரண்டு தெரு தள்ளி ஒரு காபிக் கடை. தனியாக விட மனசு வராமல் பெட்டியையும் இழுத்துக்கொண்டு கூடவே போனேன். அங்கே கழிப்பறைக் கதவில் எண் பூட்டு. காபி வாங்கினால் பில்லின் அடியில் நான்கு இலக்க எண் வரும், அதை அழுத்தினால்தான் கதவு திறக்கும். வரிசையில் எனக்கு முன்னால் ஆறு பேர். அந்த அம்மா ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றதைப் பார்த்தேனே, அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. காபி வாங்கி, பில்லைக் கிழித்து, நானே ஓடிப்போய் எண்ணை அழுத்தினேன். இதற்குள் பஸ் வந்து போயிருந்தால் இரண்டு பேருக்கும் டிக்கெட் பணம் போயிருக்கும், ஏனென்றால் நேரத்துக்கு நிற்காவிட்டால் பணம் திரும்ப வராது என்று டிக்கெட்டிலேயே போட்டிருக்கிறார்கள். அந்த விதி நமக்கு மட்டும்தான்.

இந்த ஊரில் நிலையமே இல்லாமல் இல்லை, இருந்தது. ஃபில்பர்ட் தெருவில், ரீடிங் டெர்மினல் மார்க்கெட்டும் சைனாடவுனும் இருக்கிற ஊர் நடுவில், கூரையோடும் கழிப்பறையோடும் இருந்தது. 2023 ஜூனில் அதை மூடினார்கள். பஸ்கள் கொஞ்ச நாள் மார்க்கெட் தெரு ஓரத்தில் நின்றன, அங்கே சமாளிக்க முடியாமல் நவம்பரில் இந்த ஆற்றங்கரைக்குத் தள்ளிவிட்டார்கள். இங்கே மட்டும் நடக்கிற கூத்தும் இல்லை. பல ஊர்களில் பழைய பஸ் நிலையங்கள் ஊர் நடுவில் இருப்பதால் மனைக்கு நல்ல விலை, ரியல் எஸ்டேட்காரர்களுக்கு வித்துவிடுகிறார்கள். பயணிகள் எங்கே நிற்பார்கள் என்பது விற்கிறவனுக்கும் கவலையில்லை, வாங்குகிறவனுக்கும் கவலையில்லை. ஊரிலிருந்து புறப்படும் முன் கிளாம்பாக்கத்தை நானும் எல்லோரோடும் சேர்ந்து திட்டினேன், தூரத்துக்காக இப்போதும் திட்டுவேன். ஆனால் அங்கே தலைக்கு மேல் கூரை இருக்கிறது. மாட்டுத்தாவணியில் ராத்திரி இரண்டு மணிக்குப் போய் நின்றாலும் டைம் கீப்பர் இருப்பார், எரிந்து விழுந்தாவது "அந்த வண்டி இன்னும் திண்டுக்கல் தாண்டலை" என்று ஒரு வார்த்தை சொல்வார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் இங்கே மூன்று மணி நேரம் தவித்தேன்.

பஸ் 10:20-க்கு வந்தது. ஓட்டுநர் இறங்கியதும் எல்லோரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். பாவம், அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. காலையில் ஓட்ட வேண்டியவர் வரவில்லையாம், ராத்திரி வேறு ஊருக்கு வண்டி ஓட்டிவிட்டு வந்த இவரைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள். பன்னிரண்டரைக்கு ஹாரிஸ்பர்க் வந்தது. அங்கே வண்டியை நிறுத்திவிட்டு மைக்கைப் பிடித்து, "என் மணிக்கணக்கு முடிந்துவிட்டது, இதற்கு மேல் ஓட்டினால் சட்டப்படி தப்பு, வேறு ஓட்டுநர் வருவார்" என்றார்.

அந்தச் சட்டம் மிக நல்ல சட்டம். பயணிகள் பஸ் ஓட்டுகிறவர் 8 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு அதிகபட்சம் 10 மணி நேரம்தான் ஓட்டலாம். ஓட்டுநர் தூங்கிவிழுந்தால் ஐம்பது உயிர், அதனால் அவர் நிறுத்தியதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை, மரியாதைதான். ஆனால் அவருக்கு எத்தனை மணிக்கு நேரம் முடியும் என்று அவரை அனுப்பிய ஆபீஸுக்குத் தெரியும். கூட்டல் கழித்தல் கணக்கு. ஹாரிஸ்பர்க் தாண்டி இவரால் ஓட்ட முடியாது என்று காலை ஏழு மணிக்கே தெரிந்திருக்கும். அடுத்த ஓட்டுநரை பன்னிரண்டரைக்கு அங்கே நிற்க வைப்பதற்கு ஐந்தரை மணி நேரம் கையில் இருந்தது. நிற்க வைக்கவில்லை. நாங்கள் அங்கே இரண்டரை மணி நேரம் கிடந்தோம். இதைத் தாமதம் என்று எப்படிச் சொல்வது? தெரிந்தே எங்களைக் கொண்டுபோய் நடுவழியில் இறக்கியிருக்கிறார்கள்.

சரியாக 1:45-க்கு போன் அடித்தது. பிட்ஸ்பர்க் வந்து சேர்ந்ததற்கு வாழ்த்து, பயணம் எப்படி இருந்தது, ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை கொடுப்பீர்கள் என்று கம்பெனியின் மெசேஜ். நான் ஹாரிஸ்பர்க் நடைமேடையில் உட்கார்ந்திருக்கிறேன். அதே நிமிஷம் சிநேகிதியின் போன். "எங்கடி இருக்க? நான் ஸ்டாண்டுல நிக்கிறேன், ஆப்புல உன் பஸ் வந்துட்டதா காட்டுதே!" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாட்டில் ரீஃபண்ட் கேட்டேன். இயந்திரம்தான் பேசியது. கடைசியில் 8 டாலருக்கு ஒரு வவுச்சர், அதையும் அவர்கள் பஸ்ஸிலேயே தொண்ணூறு நாளுக்குள் செலவழிக்க வேண்டுமாம். சேவைக் கட்டணம் திரும்பக் கிடைக்காதாம். என்ன சேவை செய்தீர்கள் என்று டைப் செய்தேன், "உங்கள் கேள்வி புரியவில்லை" என்று வந்தது.

காசு கம்மியாகக் கொடுத்தால் இப்படித்தான் இருக்கும் என்று ஆபீஸில் ஒருவர் எனக்குப் புத்தி சொல்கிறார். அவருக்கு வீட்டு வாசலில் இரண்டு கார் நிற்கிறது. அந்த பஸ்ஸில் இருந்தவர்களை அவர் பார்த்திருக்க வேண்டும். மாணவர்கள், ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள், கைக்குழந்தைக்காரி, கார் ஓட்டும் வயதைத் தாண்டிய கிழவர்கள். இவர்களுக்கு வேறு வழி கிடையாது என்பது கம்பெனிக்கு நன்றாகத் தெரியும். 34 டாலருக்கு ஏசியும் சாய்வு இருக்கையும் யார் கேட்டார்கள்? ஒரு கூரை, ஒரு கழிப்பறை, உண்மையைச் சொல்ல ஒரு ஆள். இதற்குக்கூடவா டிக்கெட் விலை போதவில்லை?

மூன்று மணிக்குப் புது ஓட்டுநர் வந்தார். அலெகெனி மலைச் சுரங்கத்தைத் தாண்டும்போதே இருட்டிவிட்டது, கோயிலும் இல்லை, வத்தக்குழம்பு சாப்பிட்டது ராத்திரி ஒன்பதரைக்கு. பிட்ஸ்பர்க் வந்தபோது 7:40. சிநேகிதி மூன்றாவது முறையாக ஸ்டாண்டுக்கு வந்து நின்றிருந்தாள்.

பாட்டியைக் கூப்பிட்டுப் போக வந்திருந்த மருமகன் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நாலு மணிக்கே போய்விட்டாராம். அப்போதுதான் பாட்டி சொன்னார், ஆஸ்பத்திரியில் தங்கையைப் பார்க்க வந்திருக்கிறார், பார்வையாளர் நேரம் எட்டு மணியோடு முடிகிறது, திங்கட்கிழமை தங்கைக்கு ஆபரேஷன். நாங்கள் ஓடிப்போய் ஒரு டாக்ஸி பிடித்து, நீலப் பெட்டியைப் பின்னால் வைத்து, அவரைக் கைத்தாங்கலாக ஏற்றினோம். கதவைச் சாத்தும்போது, "எட்டுக்குள் போய்விடலாம் இல்லையா?" என்று ஓட்டுநரிடம் கேட்டார். டாக்ஸியின் கடிகாரத்தில் 7:52. ஓட்டுநர் பதில் சொல்லாமல் வண்டியை எடுத்தார்.