வக்கீல் வைக்காமல் மனு கொடுத்தது குற்றமா?

ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரிக் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் மேடையில் பேசியதைப் பாதிப் பேர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். சட்டம் தெரியாதவர்கள் தாங்களே மனு எழுதிக்கொண்டு போய் நல்ல வழக்குகளையும் கெடுக்கிறார்களாம். பெயர் சொல்லவில்லை. முன்வரிசையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான், பெயர் எதற்கு?

வக்கீல் இல்லாமல் மனு கொடுப்பது தப்பில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் பாதிக்கப்பட்டவரே எழுதிக் கொடுக்கலாம். சாட்சிக்கு சம்மன் அனுப்பவும் கோப்புகளை வரவழைக்கவும் சிவில் கோர்ட்டுக்குள்ள அதிகாரம் அவருக்கும் உண்டு. நான் கேட்டது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவில் இருப்பதைத்தான். பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால் அரசு நிறுவனம் அந்த ஊழியரை அனுப்பிவிடக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். எனக்கோ விருப்ப ஓய்வுக் கடிதத்தை நீட்டினார்கள்.

என் இருக்கை மாடியில். 22 படி. கீழே தபால் பிரிவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதை மூன்று முறை எழுதிக் கேட்டேன். ஜூலை மழையில் படியெல்லாம் ஈரம். ஒருநாள் ஊன்றுகோல் வழுக்கியதும், உட்கார்ந்து உட்கார்ந்தே மேலே போனேன். மனு கொடுக்க வந்த சனங்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இலவச சட்ட உதவி இருக்கிறதே" என்கிறீர்கள். உண்மை, 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கு அது உரிமை. போனேன். கிடைத்த வக்கீல் பொறுமையாகத்தான் கேட்டார். எங்கள் அதிகாரி பெயரைச் சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். இந்த மலையில் எல்லோரும் எல்லோருக்கும் வேண்டியவர்கள். வேறு வக்கீல் கேட்டிருக்கலாம்தான். அப்போது எனக்குத் தெம்பில்லை.

சரி, தப்பும் செய்தேன். முதல் மனுவில் பழைய 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 47-வது பிரிவைப் போட்டிருந்தேன். அந்தச் சட்டமே இப்போது இல்லை. திருத்தி மறுபடி பதிவுத் தபாலில் அனுப்பினேன். பிரிவு எண் மாறியதால் அந்த 22 படியில் ஒன்றாவது குறைந்ததா? வக்கீல்கள் யாரும் மனுவைத் திருத்தியதே இல்லையா?

பேசியவர் மூத்தவர், அவர் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் விசாரணைக்கு மேட்டுப்பாளையம் வரை பஸ்ஸில் இறங்கி, நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து சென்னை போகிறவள் நான். ஃபைலையும் ஃபிளாஸ்கையும் தூக்கிக்கொண்டு கூட வருவது 68 வயது அம்மா. அந்த வீடியோவை அவரும் பார்த்துவிட்டார். ராத்திரி சாப்பிடும்போது, "நீ ஏதாவது தப்பா எழுதிட்டியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவரை இப்படிக் கேட்க வைத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.