"கூட நாலு ரோல் போட்டால் போச்சு"

நேற்றைய கலந்துரையாடலில் ஒரு நண்பர் பேசியதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "கேமரா ஃபிலிமுக்குத்தான் கிராக்கி கூடிவிட்டதே, கூட நாலு ரோல் போட்டால் விலை தானாக இறங்காதா? எல்லாம் கம்பெனிக்காரனின் பேராசை." அரங்கமே கைதட்டியது. எனக்கு ராத்திரி தூக்கமில்லை.

பொத்தானை அழுத்தினால் வந்து விழ இது ஜெராக்ஸ் இல்லை ஐயா. வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டினைப் பிளாஸ்டிக் தளத்தின் மேல் அடுக்கடுக்காகப் பூச வேண்டும், அதுவும் கும்மிருட்டில். கலர் என்றால் பத்து அடுக்குக்கு மேல். கலர் நெகட்டிவைப் பெரிய அளவில் பூசுகிற ஆலைகள் உலகத்திலேயே விரல் விட்டு எண்ணும் அளவுதான். மற்றவை என்ன ஆயின? 2007-இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் கோடக் என்ற ஃபிலிம் கம்பெனியின் வளாகக் கட்டடங்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 2012-இல் அந்தக் கம்பெனியே திவால் மனு போட்டது. ஃபிலிம் வாங்க ஆளில்லை. அன்று ஃபிலிமை விட்டுவிட்டுப் போனவர்கள்தான் இன்று வந்து "ஏன் கூடப் போடவில்லை" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி.

"அப்போ லாபமே பார்க்கவில்லையா?" என்பீர்கள். பார்க்கிறார்கள், சரி. ஒவ்வொரு விலையேற்றமும் எனக்கும் வலிக்கிறது. ஆனால் 2024 நவம்பரில் கோடக் அதே ரோச்செஸ்டரில் மிஞ்சிய ஆலையை மேம்படுத்துவதற்காகத்தான் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்குப் பேர்போன பிரிட்டிஷ் கம்பெனி ஹார்மன் 2023-இல் சொந்தமாக ஒரு கலர் ஃபிலிமே கொண்டுவந்தது. இதெல்லாம் கைதட்டலில் நடக்குமா? "பேசாமல் டிஜிட்டலுக்குப் போ" என்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. போய்க்கொள்ளுங்கள்.

என் முதல் ரோலில் முப்பத்தாறு படம் எடுத்தேன். ஒன்றுகூட விழவில்லை. ஃபிலிம் நுனி சுருளில் மாட்டாமல், உள்ளேயே அசையாமல் கிடந்திருக்கிறது. அப்பா திட்டவில்லை. "லீவரை இழுக்கும்போது இடதுபக்கக் குமிழ் சுற்றுகிறதா பார், சுற்றினால்தான் உள்ளே ஃபிலிம் ஓடுகிறது" என்றார், அவ்வளவுதான். அதே அப்பாவின் என்லார்ஜரை, நெகட்டிவிலிருந்து படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவியை, 2010-இல் நான்தான் பழைய இரும்புக்குப் போட்டேன். "இனி யாருக்கு வேணும்?" என்று கேட்டதும் நான்தான். அப்போதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே, விட்டுவிட்டுப் போனவர்கள் என்று மேலே யாரைத் திட்டினேனோ, அந்த வரிசையில் நானும் நிற்கிறேன். அதற்காக நண்பர் பேசியது சரியாகிவிடாது.

கூட்டம் முடிந்ததும் அவரே பக்கத்தில் வந்தார். புதுசாக ஒரு பழைய கேமரா வாங்கியிருக்கிறாராம். "ஒரு ரோல் இருக்குமா?" என்றார். கொடுத்தேன். மாட்டத் தெரியவில்லை, மாட்டியும் கொடுத்தேன். குமிழ் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தேன்.