மைக் பக்கத்துலயேதானே இருக்கு?

இன்னைக்குக் காலையிலயும் அதே கூத்து, கடைசி நேரத்துல பிளாட்பாரத்தை மாத்துறது. சென்னை - கும்மிடிப்பூண்டி ரயில் தடத்துல தினம் போறவங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். ஆனா இதைக் கொட்டலைன்னா எனக்கு இன்னைக்குச் சோறு இறங்காது.

7.40 வண்டி லேட். அது பழகிப்போச்சு. அத்திப்பட்டு தாண்டினா வடக்கே ரெண்டே லைன். விஜயவாடா, ஹவுரா, டெல்லிப் பக்கத்து எக்ஸ்பிரஸ், கூட்ஸ், நம்ம லோக்கல் எல்லாம் அதுலதான். 1979-லயே கரண்ட் வண்டி வந்த தடம், இன்னும் இந்த லட்சணம். அதுக்காகக்கூட நான் இப்போ கத்தலை.

ஒண்ணாவது பிளாட்பாரத்துல நூறு பேருக்கு மேல நிக்கிறோம். 7.58. தூரத்துல ஹெட்லைட் தெரியுது. பையைத் தோள்ல மாட்டி ரெடியாயிட்டோம். அப்போ கரகரன்னு ஸ்பீக்கர்: வண்டி ரெண்டாவது நடைமேடைக்கு வருதாம்!

மேம்பாலம் பிளாட்பாரத்தோட அந்தக் கோடியில. லிஃப்ட் கிடையாது. ஏற 42 படி, இறங்க 42 படி. நூறு பேரும் ஒரே நேரத்துல அந்தக் குறுகல் படியில முட்டி மோதுறோம். எனக்கு முன்னாடி கீரைக்காரப் பாட்டி, தலையில கூடை. "எம்மா, வண்டி போயிருமாம்மா?"ன்னு திரும்பித் திரும்பிக் கேக்குறாங்க. நான் கூடையை ஒரு பக்கம் தாங்குறேன். பாதிப் படியில அவங்க செருப்பு வார் அறுந்தது. கூடை சாஞ்சு முளைக்கீரைக் கட்டு அஞ்சாறு உருண்டு போச்சு. மேல வர்ற கூட்டம் அதை மிதிச்சுக்கிட்டே ஏறுது. யாரைக் குத்தம் சொல்ல? அவங்களுக்கும் வேலைக்குப் போகணும்.

கீழே பார்த்தா பையன்கள் நாலு பேர் தண்டவாளத்துல குதிச்சுக் குறுக்கே ஓடுறாங்க. தண்டவாளத்தைக் கடந்தா ஆறு மாசம் வரை ஜெயில், ஆயிரம் ரூபாய் வரை அபராதம். சட்டம் சரிதான். ஆனா அவங்களைக் குதிக்க வெச்சது யாரு?

பாட்டி வெறுங்காலோட இறங்கி, மூச்சு வாங்க ஏறி உக்கார்ந்தாங்க. நானும் ஏறிட்டேன். வண்டி கிளம்பலை. அஞ்சு நிமிஷம். பத்து நிமிஷம். பதினஞ்சாவது நிமிஷம், நாங்க நின்னுட்டிருந்த அதே ஒண்ணாவது பிளாட்பாரத்தை ஒட்டி ஒரு எக்ஸ்பிரஸ் தடதடன்னு பறந்து போச்சு. அந்தப் பையன்கள் குதிச்ச அதே தண்டவாளம்! எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. 22 நிமிஷம் நின்ன பிறகுதான் நம்ம வண்டிக்கு சிக்னல்.

22 நிமிஷம் நிக்கிற வண்டிக்கா அந்தப் பாட்டி அப்படி ஓடினாங்க?

எந்த லைன்ல போகணும்னு முடிவு பண்ணி, வண்டியை அந்த லைனுக்குத் திருப்புற பாயிண்டை மாத்தி, சிக்னல் போட்ட பிறகுதான் வண்டி ஸ்டேஷனுக்குள்ளயே நுழைய முடியும். ஹெட்லைட் தெரியறதுக்கு முன்னாடியே ஸ்டேஷன் ரூமுக்குள்ள இருக்கிறவங்களுக்கு எல்லாம் தெரியும். மைக் பக்கத்துலயேதானே இருக்கு? "வண்டி ரெண்டாவதுல வரும், எக்ஸ்பிரஸ் போற வரைக்கும் நிக்கும், அவசரப்படாதீங்க." இவ்வளவுதான். பத்து வினாடிப் பேச்சு. ஒரு கிழவி விழுந்தடிச்சு ஓடுறதைத் தடுக்க அந்தப் பத்து வினாடி யாருக்குமே மனசு வரலையா?

இறங்குறப்போ பாட்டி மிச்சக் கீரையில ஒரு கட்டை என் கையில திணிச்சாங்க. காசு வாங்க மாட்டேன்னுட்டாங்க. ஓரமெல்லாம் நசுங்கி, ஈரம் கையில ஒட்டுது. அதை வெச்சுக்கிட்டு ஆபீஸ் வரைக்கும் அழுகையை அடக்கிக்கிட்டே போனேன்.

அப்புறம் அந்த ரெண்டாவது பிளாட்பாரத்துப் பெண்கள் கழிப்பறை. வண்டி நின்ன நேரத்துல யூனிஃபார்ம் போட்ட ஒரு பொண்ணு இறங்கி ஓடிச்சு, போன வேகத்துலயே திரும்பி வந்துச்சு. கதவுல பூட்டு. அது துருப்பிடிச்சே மாசக்கணக்காச்சு. சாவி யார்கிட்டன்னு போன வாரம் மூணு பேரைக் கேட்டேன். மூணு பேரும் வேற யாரையோதான் கைகாட்டினாங்க.