பேச்சும் கைவேலைதான்

16 வருஷம் வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒன்றை இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

வென்ஃப்ளான் (ட்ரிப்ஸ் ஏற்றக் கை நரம்பில் செருகும் ஊசிக்குழாய்) போடுவதைப் புத்தகத்தில் படித்துவிட்டேன் என்று ஒரு மாணவி சொன்னால், நேராக நோயாளியின் கையைப் பிடிக்க விடுவோமா? முதலில் பொம்மைக் கை. அப்புறம் நாங்கள் போடும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அவள் முதல்முறை போடும்போது நாங்கள் கூடவே நிற்போம். ஆனால் "உங்க வீட்டுக்காரர் இறந்துட்டார்மா" என்று ஒரு பெண்ணிடம் சொல்வதற்கு எங்கள் தலைமுறையில் யாருக்கும் பயிற்சி கிடையாது. கேட்டால், அது குணத்தைப் பொறுத்தது என்பார்கள். நான் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

என் அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். அந்த டாக்டர் வராந்தாவில் நின்றபடியே ஸ்கேன் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "முத்திடுச்சும்மா. வீட்ல வச்சுப் பார்த்துக்கோங்க." அதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது. நானே நர்ஸ். வாந்தி நிற்காவிட்டால் என்ன செய்வது, வலி ராத்திரியில் கூடினால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்க எத்தனையோ இருந்தன. வாய் வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை. வலிக்கு அவர் எழுதித் தந்த மருந்துகள் அத்தனை கச்சிதம். அதை அவருக்கு யாரோ உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

கற்றுக்கொடுக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. புற்றுநோய் மருத்துவர்கள் சிலர் சேர்ந்து கெட்ட செய்தியை நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு 2000இல் ஸ்பைக்ஸ் என்று ஒரு முறையை வெளியிட்டார்கள். ஆறு படிகள். முதல் படி, தனியாக ஓர் இடம் பார்த்து உட்காருவது. அடுத்தது, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது. மூன்றாவது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது. விஷயத்தைச் சொல்வதே நான்காவதில்தான் வருகிறது.

நம் ஊரில் அந்த மூன்றாவது படியில்தான் முட்டுகிறது. டாக்டர் ரூமுக்கு வெளியே மகன் கையைப் பிடித்துக்கொள்வார்: "சிஸ்டர், அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க." உள்ளே அப்பா என்னிடம் மெதுவாகச் சொல்வார்: "எனக்குத் தெரியும்மா, பையன்தான் தாங்கமாட்டான்." இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டே கடைசி மாதத்தைக் கழித்துவிடுவார்கள். அங்கே சட்டம் பேசி மகனை ஒதுக்கக் கூடாது, அவர் சொன்னதற்காக அப்பாவிடம் பொய்யும் சொல்லக் கூடாது. நான் மாணவிகளுக்குச் சொல்லித்தருவது ஒரு கேள்விதான்: "ஐயா, உங்க உடம்பைப் பத்தி உங்ககிட்டயே சொல்லணுமா, வீட்ல யார்கிட்டயாவது சொன்னா போதுமா?" முடிவு அவருடையது. இந்த ஒரு வரியைக் கண்ணைப் பார்த்துச் சொல்ல நாலு தடவை ஒத்திகை வேண்டியிருக்கிறது.

மருத்துவ மாணவர்களுக்காக இந்திய மருத்துவ கவுன்சில் 2018இல் ஏட்காம் என்ற பாடத்தைக் கொண்டுவந்தது. மனப்பான்மை, அறம், உரையாடல் மூன்றும் அதில் உண்டு. 2019இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிலிருந்து அமலுக்கு வந்தது. உண்மையிலேயே நல்ல காரியம். ஆனால் "உரையாடலின் தடைகள் யாவை?" என்று கேட்டு மார்க் போட்டால் எல்லாரும் பாஸாகிவிடுவார்கள். பேசவிட்டுப் பார்க்க வேண்டும்.

நலமாக இருக்கும் ஒருவரை நோயாளியாக நடிக்கவைத்து மாணவர்களுக்குப் பயிற்சி தருவதை ஹோவர்ட் பாரோஸ் என்ற மருத்துவர் 1963லேயே லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிவிட்டார். எங்களுக்கு நோயாளியாக வருவது ரிட்டயர் ஆன ஒரு வார்டு ஆயாம்மா. போன மாதம் சர்க்கரைக்கார அம்மாவாக வந்து உட்கார்ந்தார். மாணவி அழகாகப் பேசினாள். "மூணு வேளையும் சாப்பிட்டதும் ஒரு மாத்திரைம்மா, புரிஞ்சுதா?" "சரிங்க சிஸ்டர்." மாணவி எழுந்துவிட்டாள். நான் உட்காரச் சொல்லி, எப்படிப் போடுவார் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேள் என்றேன். ஆயாம்மா யோசிக்கவே இல்லை: "நான் திங்கிறது ரெண்டு வேளைதானே. பதினோரு மணிக்குக் கஞ்சி, ராத்திரிக்குச் சோறு. அந்த மிச்ச மாத்திரைய ராத்திரி சேத்துப் போட்டுக்கிறேன்." அந்தப் பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. வார்டில் "சரிங்க" என்று தலையாட்டுகிறவர்களில் எத்தனை பேர் இப்படியோ!

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயம். 67 நாடுகளின் கணக்கை வைத்து 2017இல் வந்த ஓர் ஆய்வில், முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளிக்குக் கொடுக்கும் நேரம் ஸ்வீடனில் 22 நிமிஷத்துக்கு மேல், இந்தியாவில் சுமார் 2 நிமிஷம். நைட் டியூட்டியில் ஒற்றை ஆளாக 40 பேரைப் பார்த்தவள் நான். ஆள் போடாமல் "அன்பாகப் பேசுங்கள்" என்று போர்டு மாட்டுவது அநியாயம். அதற்காகவும் சண்டை போடத்தான் வேண்டும். ஆனாலும் தன் பெயரைச் சொல்ல 5 விநாடி போதும். பிரிட்டனில் கேட் கிரேஞ்சர் என்ற மருத்துவர், தானே புற்றுநோயோடு படுத்திருந்தபோது, தன்னிடம் வந்தவர்கள் பெயர்கூடச் சொல்லவில்லை என்று நொந்து, 2013இல் "வணக்கம், என் பெயர்..." என்று ஓர் இயக்கத்தையே தொடங்கினார்.

எங்கள் மாணவிகளும் இப்போது பெயர் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள். அடுத்ததாக உட்கார்ந்து பேசச் சொன்னால், "எதுல மேடம் உட்காருறது?" என்கிறார்கள். வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்கூட இல்லை. நாலு ஸ்டூல் வேண்டும் என்று நேற்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.