தங்க ரத்தம் எல்லோருக்கும் சேருமா?
ஆர்எச் புரதம் ஒன்றுகூட இல்லாத மிக அரிய ரத்தத்தை ‘ஆர்எச் நல்’ என்றும் ‘தங்க ரத்தம்’ என்றும் சொல்கிறார்கள். ‘அதை உலகில் யாருக்கு வேண்டுமானாலும் ஏற்றலாம்’ என்று ஒரு கட்டுரை சொல்வது சரியில்லை. சிவப்பணுவின் மேல் இல்லாமல் போவது ஆர்எச் புரதங்கள்தான். ரத்த குரூப்பைத் தீர்மானிக்கிற ஏ, பி ஆன்டிஜென்கள் (அணுவின் மேலுள்ள அடையாளப் பொருட்கள்) அங்கேயேதான் இருக்கும். ஆர்எச் நல் உள்ளவர் ஏ குரூப் என்றால் அவர் ரத்தம் ஓ குரூப்காரருக்கு ஆகாது. அப்புறம், ‘தங்க ரத்தம்’ என்ற பெயர் கேட்க நன்றாக இருந்தாலும் உடையவருக்கு அது அவ்வளவு சுகமில்லை. அந்தப் புரதங்கள் இல்லாமல் அணுவின் சவ்வு பலவீனமாகிவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் நடுவில் வட்டமாக வெளுத்திருக்க வேண்டிய இடம் நீளக் கீறலாகத் தெரியும். சீக்கிரம் உடைவதால் லேசான ரத்தசோகையும் வரும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் ‘ஓ நெகட்டிவ் இருந்தால் கவலையே இல்லை’ என்கிறார். 1952இல் பெண்டே குழுவினர் பம்பாயில் கண்டறிந்த பாம்பே குரூப்காரருக்கு அதையும் ஏற்ற முடியாது. ஓ அணுக்களின் மேல் எச் என்ற ஆன்டிஜென் உண்டு; அதுவே இல்லாத அவர்கள் உடம்பு அதை எதிர்க்கும். நான் வேலை பார்த்த ரத்த வங்கிக்கு ‘ஓ பாசிட்டிவ்’ என்ற சீட்டோடு ஒருவர் வந்தார். அவருடைய சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீரை) ஓ அணுக்களோடு கலந்ததும் குழாயின் அடியில் கெட்டியாகக் கட்டிக்கொண்டது; அவர் பாம்பே குரூப்காரர். இந்த எதிர்ச் சோதனையைச் செய்யாமலே ‘ஓ’ என்று எழுதித் தருகிற லேப்கள் இன்னும் இருக்கின்றன.