லெஃப்ட் ஜாயினில் வரிசை கூடும்

எஸ்க்யூஎல்லில் விவசாயி டேபிளோடு நெல் கொள்முதல் டேபிளை விவசாயி எண் வைத்து லெஃப்ட் ஜாயின் செய்தால் (அதாவது இடப்பக்க டேபிளின் எல்லா வரிசையையும் வைத்துக்கொண்டு, வலப்பக்க டேபிளில் பொருந்துவதைச் சேர்த்தால்), இடப்பக்கம் எத்தனை வரிசையோ அத்தனைதான் விடையிலும் வரும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அது சரியில்லைங்க. இடப்பக்க வரிசை எதுவும் விட்டுப்போகாது, அவ்வளவுதான் உறுதி. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரே விவசாயி குறுவை, சம்பா இரண்டையும் கொள்முதல் நிலையத்தில் போட்டிருந்தால் அவர் வரிசை இரண்டு தடவை வரும், அதன்மேல் நிலப்பரப்பைக் கூட்டினால் அவருடைய 3 ஏக்கர் 6 ஏக்கராகிவிடும், அந்தக் கணக்கை நம்பி யாரும் அறிக்கை எழுதிவிடக் கூடாதே என்றுதான் சொல்கிறேன். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகிய டேட்டாபேஸ் மென்பொருள்கள் எதிலும் இப்படித்தான். ஜாயினுக்கு முன்னும் பின்னும் கவுன்ட் (வரிசை எண்ணிக்கை) எடுத்துப் பாருங்கள். அப்புறம் கொள்முதல் டேபிளை மட்டும் விவசாயி எண் வைத்து குரூப் பை செய்து (ஒரே எண்ணுள்ள வரிசைகளை ஒரு குழுவாக்கி), ஒன்றுக்கு மேல் வருபவர்களை ஹேவிங்கில் (குழுக்களுக்கு வைக்கும் நிபந்தனையில்) கேளுங்கள். கூடுதல் வரிசை யாரால் வந்தது என்று தெரிந்துவிடும்.